லேயில் சும்மா இருப்பது எப்படி? பைக்கில் லடாக் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நானும் மூன்று நண்பர்களும் சென்னையிலிருந்து லடாக்கின் முக்கிய நகரமான லே வரை இரண்டு முறை பைக்கில் போய் வந்திருக்கிறோம். 2018 இல் மணாலி வழியாக. 2022 இல் ஸ்ரீநகர் வழியாகப் போய் மணாலி வழியாகத் திரும்பினோம். அதிலிருந்து மே மாதம் பிறந்தால் போதும், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வர ஆரம்பித்துவிடும். எந்த வண்டி, எந்த ஜாக்கெட் என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு வருவதில் பாதிக்கு மேல் ஓய்வு நாளைப் பற்றிய கேள்விதான். சுற்றி வளைத்துப் பார்த்தால் எல்லாமே "ஒரு நாள் வீணாப் போகுதே" என்ற கவலை.

அவரவர் கேட்டபடியே கேள்வியை வைத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். உடம்பு பற்றிய இடங்களில் ஒன்று நினைவிருக்கட்டும்: நான் டாக்டர் இல்லை. கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

1. பைக் ஓட்டத்தானே போறோம், அதுல ஓய்வு நாள் எதுக்கு?

ஓட்டத்தான் போகிறோம், சரி. ஆனால் தினமும் 500 கிலோமீட்டர் வீதம் ஐந்து நாள் ஓட்டினால், ஆறாம் நாள் வண்டியை ஓட்டுவது நீங்கள் இல்லை, உங்கள் பழக்கம். கண்ணாடி பார்க்காமல் லேன் மாறுவோம். வேகத்தடை வந்ததே தெரியாமல் ஏறி இறங்குவோம். போட்ட இண்டிகேட்டர் பத்து கிலோமீட்டருக்கு எரிந்துகொண்டே வரும். வெயில், எதிர்காற்று, ஹேண்டில் அதிர்வு, லாரி ஹாரன் எல்லாம் சேர்ந்து தருகிற அசதி ஒரு ராத்திரித் தூக்கத்தில் முழுதாகத் தீர்வதில்லை. கொஞ்சம் பாக்கி நிற்கும், மறுநாள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏறும்.

எங்கள் கூட்டத்தில் எப்போதும் கடைசியில் வருகிற நண்பன் ஒருவன் ஆக்ரா தாண்டி பெட்ரோல் போட்டுவிட்டு, ஹெல்மெட்டை பங்க் மேடையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். 2 கிலோமீட்டர் போன பிறகுதான் முகத்தில் காற்று அடிக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியதாம். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

2. எத்தனை நாளைக்கு ஒரு தடவை நிறுத்தணும்? டெல்லியில நிறுத்தலாமா?

சமவெளியில் என் கணக்கு: நாலைந்து நாள் ஓட்டம் அல்லது 2,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி என்று தங்கிப் போனால் நாலாம் நாள் டெல்லியைத் தொடலாம். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர்.

ஆனால் டெல்லியில் ஓய்வு வேண்டாம். ஜூனில் அங்கே 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும். பார்க்கிங்குக்கு அலைவதற்கும் மூட்டையை மூன்று மாடி தூக்குவதற்கும் நாள் சரியாக இருக்கும். இன்னும் ஒன்றிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி மணாலியிலோ ஸ்ரீநகரிலோ நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்று பலர் சொல்வார்கள். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் சண்டிகரிலேயே நிறுத்திவிடுங்கள் என்பேன் நான். அசதியோடு முதல் மலை வளைவில் ஏறக்கூடாது. மலைக்கு மேலே போன பிறகு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கிலோமீட்டரை விட்டுவிட்டு உயரத்தை எண்ண வேண்டும்.

3. ஊட்டி, கொடைக்கானல்லாம் நூறு தடவை போனவங்க நாங்க. லேயில மட்டும் ஏன் படுத்துக் கிடக்கணும்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தமிழ்நாட்டிலேயே உயரமான இடத்தில் ஒன்றான தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். அதாவது லே கடைத்தெருவில் டீ குடிக்கிறவர், தொட்டபெட்டா உச்சியில் நிற்பவரைவிட 850 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறார். உயர நோய் (உயரம் பழகாததால் வரும் தலைவலி, குமட்டல்) பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போதுதான் வேலையைக் காட்டும். ஊட்டியில் ஒன்றும் ஆகவில்லை என்பது லேக்குச் சான்றிதழ் ஆகாது.

மேலே பிராணவாயு "குறைச்சல்" என்கிறோமே, காற்றில் அதன் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் உள்ளே போவது குறைகிறது. லேயில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு; கார்துங் லா கணவாயில் பாதிக்குச் சற்று மேல். இதைச் சமாளிக்க உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். அதில் கரியமிலவாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். அந்தக் காரத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிச் சரிக்கட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். லே போனதும் அடிக்கடி சிறுநீர் வந்தால் பயப்படாதீர்கள். உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

4. மணாலி வழியா, ஸ்ரீநகர் வழியா? எதுல ஓய்வு நாள் மிச்சமாகும்?

எதிலும் மிச்சமாகாது. ஆனால் ஸ்ரீநகர் வழி உடம்புக்குச் சாந்தமானது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், இரண்டாம் இரவு கார்கில் சுமார் 2,700, மூன்றாம் இரவு லே 3,500. வழியில் சோஜி லா, ஃபோட்டு லா என்று கணவாய்களில் ஏறினாலும் தூங்குவதற்குக் கீழே இறங்கிவிடுகிறீர்கள். பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் தலை சாய்த்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

மணாலி வழியின் வில்லங்கம் சர்ச்சு. மணாலி 2,050 மீட்டர், ஜிஸ்பா சுமார் 3,200, அடுத்த இரவு சர்ச்சு கூடாரத்தில் 4,290. 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதே என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. இங்கே ஒரே தாவில் ஆயிரத்துக்கு மேல். 2018 இல் நாங்கள் சர்ச்சுவில் தங்கினோம். நாலு பேரும் விடிய விடிய உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோத்தங் கணவாய் ஏறும் பாடு போனது நல்லதுதான். ஆனால் மணாலியில் காலை டீ குடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜிஸ்பா போய்விடலாம் என்றாகிவிட்டதால், உடம்புக்குக் கிடைத்த அவகாசமும் போய்விட்டது. மணாலி வழிக்காரர்கள் ஓய்வு நாளை இரண்டாகப் பிரியுங்கள்: ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ ஒரு நாள், லேயில் ஒரு நாள். ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, விடியற்காலையில் கிளம்பி நேராக லேக்கு ஓட்டுவது நீண்ட நாள்தான். ஆனால் சர்ச்சுவைவிடத் தாழ்ந்த இடத்தில் தூங்குவீர்கள்.

5. சரி, லே போய்ச் சேர்ந்தாச்சு. முதல் நாள் என்னதான் செய்யலாம்?

சாப்பிடலாம், தூங்கலாம், மாடியில் வெயில் காயலாம். சாயங்காலம் முதன்மைக் கடைத்தெருவில் மெதுவாக நடக்கலாம். அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் நிம்மதியாக இருக்கும். நடைபாதையோரம் லடாக்கி அம்மாக்கள் கீரையும் முள்ளங்கியும் பாதாமியும் (ஆப்ரிகாட் பழம்) வைத்து உட்கார்ந்திருப்பார்கள். "ஜூலே" என்றால் வணக்கமும் அதுதான், நன்றியும் அதுதான். மசூதிக்குப் பின்னால் உள்ள சந்தில் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடுகிற கடைகளில் சூடாக ஒன்று வாங்கிப் பிய்த்துத் தின்றபடி நடப்பது எனக்குப் பிடித்த வேலை.

செய்யக்கூடாதது ஏறுவது. லே அரண்மனை 9 அடுக்கு, மேட்டின்மேல் நின்றுகொண்டு வா வா என்று கூப்பிடும். சாந்தி ஸ்தூபிக்கு 500 படிக்கு மேல். 2018 இல் போன அன்றே சாயங்காலம் அரண்மனைக்கு ஏறினோம். ராத்திரி ஒருவன் வாந்தி, இன்னொருவனுக்கு மண்டை பிளக்கும் வலி. ஒரு நாளை மிச்சம் பிடிக்கப்போய் இரண்டு நாள் போனது.

6. ரெண்டாவது நாளும் சும்மாவா? பைத்தியம் பிடிச்சிடும் அண்ணே.

இரண்டாம் நாள் தலைவலி இல்லை, பசி எடுக்கிறது என்றால் வண்டி எடுக்கலாம். ஆனால் கீழ்நோக்கி. லேயிலிருந்து கார்கில் சாலையில் 35 கிலோமீட்டர் போனால் நிம்மு. அங்கே சிந்துவும் ஜான்ஸ்காரும் கூடுகின்றன. இரண்டு நிறத் தண்ணீர் ஒன்றாகும் இடத்தை மேலே சாலையிலிருந்தே பார்க்கலாம். அந்த இடம் லேயைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு என்பது கூடுதல் லாபம். போகிற வழியில் பத்தர் சாகிப் குருத்வாரா. ராணுவம் பராமரிக்கிறது, லங்கரில் (பொதுச் சமையலறையில்) டீயும் சாப்பாடும் கிடைக்கும். அதைத் தாண்டி காந்த மலை என்று ஒரு பலகை இருக்கும். வண்டி தானாக மேட்டில் ஏறுவதாகத் தெரிவது கண் மாயம்தான், ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

திரும்பும்போது விமான நிலையத்தை ஒட்டிய ராணுவத்தின் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் பாருங்கள். பெரிய ஏற்றம் இல்லை. கார்கில் போர் பற்றிய பகுதியில் எங்களில் யாரும் பேசவில்லை.

7. நான் மாரத்தான் ஓடுறவன், என் ஃப்ரெண்டுக்குத் தொப்பை. ரெண்டு பேருக்கும் ஒரே விதியா?

ஒரே விதி. உயர நோய்க்கு உடற்கட்டு தெரியாது. தொப்பைக்காரர் மெதுவாக நடப்பார், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுவார். ஓட்டப்பந்தயக்காரர்தான் "எனக்கென்ன" என்று ஐந்தாம் பதிலில் சொன்ன படிகளை இரண்டிரண்டாகத் தாவுவார். முந்தைய முறை ஒன்றும் ஆகவில்லை என்பதும் உத்தரவாதம் இல்லை. 2018 இல் எங்களுக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் 2022 இல் தானே படுத்துவிட்டான்.

8. டயமாக்ஸ் போட்டுக்கிட்டா ஓய்வு நாளை வெட்டிடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. உயர நோய் வராமலிருக்கப் போடும் அந்த மாத்திரை, மூன்றாம் பதிலில் சொன்ன சிறுநீரக வேலையைத் துரிதப்படுத்துகிறது. உடம்பு பழகுவதற்கு உதவி, பழகுவதற்குப் பதிலி இல்லை. மலை ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். அளவை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கண்டிப்பாக அவரிடம் சொல்லுங்கள்.

இதைப் போட்டால் விரல் நுனியும் உதடும் மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும். ஹேண்டில் அதிர்வால் வருகிறது என்று ஒரு நாள் முழுக்க நான் கிரிப்பைச் சபித்துக்கொண்டு ஓட்டினேன். சோடா, கோலா எல்லாம் காற்றுப் போனதுபோல் சப்பென்று இருக்கும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

9. ராத்திரி தூக்கமே வரல, மூச்சு நின்னு நின்னு வருதுன்னு பக்கத்துல படுத்தவன் சொல்றான். ஆபத்தா?

கேட்கப் பயமாகத்தான் இருக்கும். நாலு மூச்சு வேகமாக வாங்கி, சில நொடி நின்று, திடுக்கென்று மறுபடி தொடங்குவது உயரத்தில் பலருக்கும் தூக்கத்தில் நடப்பது. முதல் ஒன்றிரண்டு இரவு அப்படித்தான் போகும். தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம், மூச்சை இன்னும் மந்தமாக்கும். இதே காரணத்துக்காகத்தான் பதினோராம் பதிலும். விழித்திருக்கும்போதே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் கதை வேறு. அதைப் பதினைந்தில் சொல்கிறேன்.

10. சாப்பாடு எப்படி? நம்ம சோறு கிடைக்குமா?

சோறு கிடைக்கும், வெந்திருக்குமா என்பதுதான் கேள்வி. லே உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வடித்த சாதம் நடுவில் நறுக்கென்று இருக்கும். குக்கரில் வைத்த இடமாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். பருப்புப்பொடி ஒரு பொட்டலம் கொண்டுபோனால் ராஜா நீங்கள்தான். நெய்யை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஓய்வு நாளுக்கு ஏற்றது துக்பா. காய்கறியோ கறியோ போட்ட நூடுல்ஸ் சூப். உப்பும் தண்ணீரும் சூடும் ஒரே கிண்ணத்தில் கிடைத்துவிடும். வெண்ணெய் டீயை டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், உப்புப் போட்ட ரசம் என்று நினைத்துக் குடியுங்கள். பசியே இல்லாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரும் அப்படித்தான், காற்று அவ்வளவு வறட்சி. வியர்ப்பதே தெரியாது, உதடு வெடித்த பிறகுதான் தெரியும்.

11. ஓய்வு நாள் ராத்திரி ஒரே ஒரு பீர்?

முதல் இரண்டு இரவு வேண்டாம். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. மது தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும். தவிர மறுநாள் காலைத் தலைவலி பீரால் வந்ததா உயரத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தோடு 5,000 மீட்டர் கணவாய் ஏறுவது சரியில்லை. கீழே இறங்கி மணாலியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் மணாலிக்கே "பீர் எல்லை" என்றுதான் பெயர்.

12. வண்டியை என்ன பண்ணணும்? மெக்கானிக் கிட்ட விட்டுட்டுத் தூங்கிடலாமா?

விடலாம், ஆனால் முதலில் நீங்களே ஒரு மணி நேரம் பாருங்கள். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை, மூச்சு வாங்காது. முதலில் செயின்: ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறியதில் எண்ணெய் போய் மண் அப்பியிருக்கும். துடைத்து, லூப் (செயின் எண்ணெய்) அடித்து, தளர்ச்சி பாருங்கள். அப்புறம் நட்டு போல்ட். கேரியர், பன்னியர் (பக்கவாட்டுப் பை) மாட்டும் கம்பி, நம்பர் பிளேட் மூன்றும்தான் முதலில் ஆடும். ஒவ்வொரு ஸ்போக்காகச் சாவியால் தட்டிப் பாருங்கள். தளர்ந்தது மட்டும் "டொக்" என்று சொல்லும். பிரேக் பேட் கனம், கிளட்ச் கேபிள் முனையில் பிரிந்த இழை, ஏர் ஃபில்டர் தூசி, எஞ்சின் ஆயில் அளவு. டயர் காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள், ஓடிய டயர் பொய் சொல்லும்.

மெக்கானிக்கிடம் ஓய்வு நாள் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் ஊரில் உள்ள அத்தனை பைக்கும் அங்கேதான் நிற்கும். சரியாக ஓடுகிற எதையும் பிரிக்கச் சொல்லாதீர்கள். ஒரு முறை, பெயர் வேண்டாம், ஒரு கடையில் "எதுக்கும் பார்த்துடலாம்" என்று கார்பரேட்டரைப் பிரித்தார்கள். அதுவரை சொன்னபடி கேட்ட வண்டி, சிக்னலுக்குச் சிக்னல் அணைய ஆரம்பித்தது.

13. லேக்கு மேல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. எஞ்சின் போச்சா?

எஞ்சினுக்கும் மூன்றாம் பதில்தான். கார்துங் லாவின் உயரம் 5,602 மீட்டர் என்று பலகை சொன்னாலும் அளந்தவர்கள் சொல்வது சுமார் 5,359. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்துக்கும் கீழே, சக்தியும் அந்த அளவுக்கு இறங்கும். கார்பரேட்டர் வண்டியில் காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாமல் வருவதால் புகையும் திணறலும் கூடும். எஃப்.ஐ. (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதுவும் கொண்டுவராது. கியரைக் குறைத்து, பொறுமையாக ஏறுங்கள். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் மூட்டையை லே விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

14. ஓய்வு நாள்ல எல்லாரும் சேர்ந்தே சுத்தணுமா? தனியாப் போனா தப்பா நினைப்பாங்களே?

தப்பே இல்லை. போக வேண்டும் என்றே சொல்வேன். பத்து நாள் ஒரே அறை, ஒரே மேசை, முன்னால் போகிறவனின் அதே பின் விளக்கு. 2018 இல் நாக்பூரில் ஏசி அறையா சாதா அறையா என்று ஒரு சண்டை. வித்தியாசம் ஆளுக்கு 200 ரூபாய். நாலு பேரும் 300 கிலோமீட்டர் பேசாமல் ஓட்டினோம். சண்டை அறையைப் பற்றியதே இல்லை, பசியும் வெயிலும்தான் என்று ஜான்சியில் தயிர் வாங்கிச் சாப்பிட்ட பிறகு புரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: ஓய்வு நாளில் சாயங்காலம் 4 மணி வரை யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது. லேயில் ஒருவன் மத்தியானம் வரை தூங்கினான். ஒருவன் சலூனில் சவரம் செய்துகொண்டு, தலைக்கு மசாஜும் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மூன்றாமவன் மனைவிக்குச் சால்வை பார்க்கப் போனவன் ஏழு கடை ஏறி இறங்கிவிட்டு, ஒரு கிலோ உலர்ந்த பாதாமியோடு வந்தான். நான் வண்டியோடும் பழைய பனியனோடும் இருந்தேன். 4 மணிக்கு ஒன்று கூடியபோது நாலு பேருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. முதல் நாள் போல் பேசிக்கொண்டோம்.

இரண்டு எச்சரிக்கை. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் உள்ளவர்கள் யார் என்று ஊரிலேயே பார்த்துவையுங்கள், தனித்தனியாகப் போனால் சேரும் இடத்தையும் நேரத்தையும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். இரண்டாவது, உடம்பு சரியில்லாதவனைத் தனியாக அறையில் விட்டுவிட்டு எல்லாரும் கிளம்பக்கூடாது. 4 மணி விதி அவனுக்குப் பொருந்தாது.

15. ஒருத்தனுக்கு மட்டும் தலைவலி போகல. மத்த மூணு பேரும் கார்துங் லா போயிட்டு வரலாமா?

முதலில் அவனைப் பாருங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை என்றால் மிதமான உயர நோய். அவன் மேலே ஏறக்கூடாது, லேயிலேயே இன்னொரு நாள் இருக்கட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். ஒருவர் அவனோடு தங்கி, இருவர் போய் அன்றே திரும்பலாம். யார் தங்குவது என்று சீட்டுக் குலுக்காதீர்கள், அவன் காதில் விழும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பேச்சு குழறுகிறது, கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறான் என்றால் மூளை வீக்கமாக இருக்கலாம். இரண்டும் உயிருக்கு ஆபத்து. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது, உடனே லேயின் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்கு. உயர நோயைத் தினம் தினம் பார்க்கிற இடம் அது.

"கீழே இறங்கு" என்பதுதான் உயர நோய்க்கு முதல் மருந்து என்று படித்திருப்பீர்கள். லேயில் ஒரு சிக்கல் உண்டு. கார்கில் சாலையில் போனால் 4,108 மீட்டர் ஃபோட்டு லா, மணாலி சாலையில் போனால் 5,300 மீட்டருக்கு மேல் டங்லங் லா. நிம்மு மாதிரி கொஞ்சம் தாழ்ந்த இடம் போதாது, நன்றாகக் கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். அதனால் நீங்களே ஒரு வாடகைக் காரில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். ஆக்சிஜனா, விமானமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

16. அவனை விமானத்துல அனுப்பினா அவன் வண்டி?

வண்டி இரும்பு, காத்திருக்கும். விடுதியில் நிறுத்திவிட்டு, லாரியில் சண்டிகருக்கோ டெல்லிக்கோ அனுப்ப ஆள் பிடிக்கலாம். அங்கிருந்து ரயில் பார்சலில் சென்னை. ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், காலி பெட்ரோல் டேங்க் மூன்றும் வேண்டும். செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுங்கள். கிளம்பும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு ஒருவரிடம் கொடுத்துவைத்தால், இந்த மாதிரி நேரத்தில் யார் தருவது என்ற பேச்சு எழாது. அவன் நன்றாகி வந்த பிறகு தானே கொடுக்கிறேன் என்பான். வாங்கிக்கொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் நட்பைப் பொறுத்தது.

17. லீவு மொத்தமே 14 நாள். எதை வெட்டட்டும்?

நெடுஞ்சாலையை வெட்டுங்கள். சென்னை டெல்லி போக நாலு நாள், வர நாலு நாள், எட்டு நாள் அதிலேயே போய்விடும். மிச்சம் ஆறு நாளில் லடாக் போனால் ஓய்வுக்கு இடமிருக்காது, அவசரத்தில்தான் நாலாம் பதிலின் தப்பு நடக்கும். வண்டியை ஒரு வாரம் முன்பே ரயிலில் டெல்லிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் பிறகு போங்கள். "சென்னையிலிருந்து ஓட்டிப் போனேன்" என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்பார்கள். உண்மைதான், முடியாது.

லடாக்குக்குள் வெட்டுவதென்றால் பாங்காங் ஏரிக்கரை இரவை வெட்டுங்கள். அது 4,250 மீட்டர், குளிரில் தூக்கம் கெடும். நுப்ரா பள்ளத்தாக்கை வைத்துக்கொள்ளுங்கள். கார்துங் லா ஏறி இறங்கினால் அங்குள்ள ஹுண்டர் கிராமம் சுமார் 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. நுப்ராவில் ஒரு இரவு கிட்டத்தட்ட இன்னொரு ஓய்வு நாள் மாதிரி.

18. ஓய்வு நாள் முடிஞ்சு மறுநாள் யாருக்கும் கிளம்பவே மனசில்ல. இழுத்துக்கிட்டுப் போகலாமா?

உடம்பு வேண்டாமென்கிறதா, மனசா என்று பாருங்கள். உடம்பென்றால் பதினைந்தாம் பதில். மனசென்றால், 2022 இல் எங்களுக்கும் நடந்தது. லேயில் இரண்டு நாள் என்று போட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை மூட்டை கட்டிய பிறகு ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்து, "நான் வரலடா, நீங்க போங்க" என்றான். கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. மூட்டையை அவிழ்த்தோம். பாங்காங்கைத் திட்டத்திலிருந்து அடித்தோம். அன்று முழுக்க விடுதித் தோட்டத்தில் பாதாமி மரத்தடியில் சீட்டாடினோம். விடுதிக்கார அம்மா இரண்டு முறை டீ கொண்டுவந்தார். யாரும் போட்டோகூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பியது கீழே ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம். ஜன்னலைத் திறந்து பார்த்தால், வரமாட்டேன் என்றவன் ஹெல்மெட்டோடு நின்று செயினுக்கு லூப் அடித்துக்கொண்டிருந்தான்.